டொலுயீன் வாடை மறுபடி வருவது ஏன்?

பெயின்ட் அறையின் காற்றிலுள்ள டொலுயீனை (பெயின்ட் கரைப்பான்) நீக்க, மரத்துண்டும் கம்போஸ்ட்டும் நிரப்பிய பயோஃபில்டர், அதாவது நுண்ணுயிர்களால் காற்றைச் சுத்தமாக்கும் வடிகட்டி, வைத்தீர்கள். முதலில் நன்றாக இருந்தது, இப்போது டொலுயீன் வாடை அப்படியே வெளியே வருகிறது, அழுத்த இழப்போ (வடிகட்டியைக் கடக்கையில் காற்றழுத்தம் குறையும் அளவு) குறைந்திருக்கிறது என்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் துப்பு. அடைப்பு என்றால் அழுத்த இழப்பு ஏறியிருக்கும். குறைந்திருப்பதால், படுகை (உள்ளே நிரப்பிய மரத்துண்டு-கம்போஸ்ட் அடுக்கு) காய்ந்து வெடித்து, காற்று விரிசல் வழியாக நழுவிப் போகிறது என்றே நினைக்கிறேன்.

மேலிருந்து தண்ணீர் தெளிக்கிறோமே என்பீர்கள். ஆனால் உங்கள் காற்று கீழிருந்து நுழைகிறது. நுண்ணுயிர்கள் டொலுயீனைச் சிதைக்கும்போது வெப்பம் வெளிப்படும். சிதைவு அதிகம் நடக்கும் நுழைவுப் பக்கம்தான் முதலில் காயும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த கம்போஸ்ட் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, தண்ணீரும் விரிசலிலேயே ஓடிவிடும்.

அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஈரப்பிசுபிசுப்பு தெரிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. எடையில் 40 முதல் 60 சதவீத ஈரம் நல்லது. பொடியாக உதிர்ந்தால் படுகையை வெளியே எடுத்து, நனைத்துக் கிளறி, மறுபடி நிரப்புங்கள். நுண்ணுயிர்ப் பாக்கெட் வாங்கிச் செலவழிக்காதீர்கள், பழைய படுகையிலேயே தேவையானவை இருக்கும்.

அப்புறம், உள்ளே வரும் காற்றை ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி முன்கூட்டியே ஈரமாக்குங்கள். இது இல்லாமல் மற்றதெல்லாம் தற்காலிகம்தான். சரிசெய்த பிறகு திறன் மீள சில நாள்களோ வாரங்களோ ஆகலாம், பதறாதீர்கள்.

படுகையின் கன அளவையும் காற்றோட்டத்தையும் எழுதுங்கள், காற்று தங்கும் நேரம் போதுமா என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.