நிலவொளித் துறைமுகம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் வெர்னேயின் நிலவொளித் துறைமுகத்தை எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுக்கிறேன். நிலா ஒட்டிவைத்த தட்டு மாதிரி இருக்கிறது, கடல் மை கொட்டியது போலிருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: வெள்ளையையும் கறுப்பையும் டியூபிலிருந்து அப்படியே எடுத்திருப்பீர்கள். இரவு ஓவியத்துக்குக் கறுப்பு டியூப் தேவையே இல்லை. பிரஷ்யன் நீலத்தில் மிளகளவு எடுத்து, நெல்லிக்காயளவு பர்ன்ட் அம்பரில் (அடர் பழுப்பு வண்ணம்) குழையுங்கள். இந்த நீலம் பொல்லாதது. கொஞ்சம் கூடினாலும் மற்ற நிறங்களை விழுங்கிவிடும். முதலில் இருட்டுப் பகுதிகளை வண்ணத்தை நீர்க்கவைக்கும் டர்பென்டைன் விட்டு மெல்லிசாகப் பூசி, ஒரு வாரம் காயவிடுங்கள். எண்ணெய் அதிகமான பூச்சு அடியிலும் வறண்ட பூச்சு மேலேயும் அமைந்தால் பின்னால் வெடிப்பு விழும்.

நிலாவை நெருங்க நெருங்க வானம் வெளுக்க வேண்டும். நிலாவைக் கடைசியில் வையுங்கள்: வெள்ளையில் துளி நேப்பிள்ஸ் மஞ்சள் சேர்த்துத் தடிப்பாக. ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் விளிம்பை லேசாகக் கலைத்துவிட்டால் தட்டுத்தன்மை போய்விடும்.

நீரில் விழும் ஒளிப்பாதை நிலாவுக்கு நேர் கீழேதான் இறங்கும். பலர் அழகுக்காகச் சாய்த்துக் கெடுக்கிறார்கள். தொடுவானத்தருகே மெல்லிய கிடைக்கோடுகளை நெருக்கமாகவும், நம் பக்கம் வரவரப் பெரிதாக, இடைவெளி விட்டும் போடுங்கள்.

கரையில் எரியும் நெருப்பை விட்டுவிடாதீர்கள். 1771-இல் வெர்னே வரைந்த, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான இரவுத் துறைமுகத்தில் (98 × 164 செ.மீ.) நிலவின் குளிர்ச்சி எடுபடுவதே அந்தச் செம்மஞ்சளால்தான். ஆனால் நெருப்பு நிலாவை மிஞ்சக்கூடாது. கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரே ஓவியம் ஒரு புத்தகத்தில் நீலமாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் தெரிகிறதே?

பதில்: அச்சுக்கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் ஓவியத்தின் மேல் காப்புக்காகப் பூசிய அந்தக் காலத்து மாஸ்டிக் (ஒரு மரப்பிசின்) வார்னிஷ் வயதாக ஆக மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. வெள்ளை நிலாவும் வெண்ணெய் நிறமாகும். வார்னிஷை நீக்கும் முன் எடுத்த புகைப்படமும் பின் எடுத்ததும் இரண்டு ஓவியங்கள் போலவே இருக்கும். நகலுக்கு, பின் எடுத்ததைத் தேடுங்கள். வீட்டில் பழைய ஓவியம் இருந்தால் உருளைக்கிழங்கு, சோப்பு வைத்தியம் வேண்டவே வேண்டாம். வெடிப்பு வழியே ஈரம் இறங்கினால் வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

கேள்வி: இது எந்த ஊர்த் துறைமுகம்?

பதில்: எந்த ஊரும் இல்லை. பிரான்சின் துறைமுகங்களை நேரில் பார்த்து வரைய மன்னர் 15-ஆம் லூயி 1753-இல் இட்ட பணி வேறு. அதில் 15 ஓவியங்கள். நிலவொளித் துறைமுகம், வெர்னே ரோமில் இருபதாண்டு இருந்து மனத்தில் சேர்த்த இத்தாலியக் கரைகளின் கலவை.