கப்பல் பாய்லரும் அப்பாவின் மூச்சிரைப்பும்

கேள்வி: என் அப்பாவுக்கு 73 வயது. கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கம் எங்கள் ஊர். 1971-இல் கடற்படையில் சேர்ந்து 15 வருடம் ஸ்டோக்கராகக் கப்பலின் பாய்லர் அறையிலும் இன்ஜின் அறையிலும் வேலை பார்த்தார். பென்ஷனோடு வந்த பிறகு எட்டு வருடம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை, அப்புறம் ஓசூர் சிப்காட்டில் செக்யூரிட்டி வேலை. இரண்டு வருடமாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டி.பி.யாக இருக்கலாம் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை, இருமலும் குறையவில்லை. இப்போது நுரையீரலில் தழும்பு என்கிறார்கள். கப்பலில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் காரணமாக இருக்குமா? இத்தனை வருடம் கழித்தா வரும்? என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? அரசு உதவி கிடைக்குமா? லீவில் வரும்போது அவர் உடுப்பைத் துவைத்த அம்மாவுக்கும் ஆபத்தா?

பதில்: இருக்கலாம். இத்தனை வருடம் கழித்துத்தான் அது வரும். அதனாலேயே பல டாக்டர்கள் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

உங்கள் அப்பா வேலை பார்த்த காலத்துக் கப்பல்களை முதலில் பார்ப்போம். 1961-இல் நம் கடற்படைக்கு வந்த பழைய விக்ராந்த், 1972-இல் சேர்ந்த நீலகிரி எல்லாம் பாய்லரில் நீராவி எடுத்து டர்பைனைச் சுழற்றிய கப்பல்கள். 300, 400 டிகிரி சூட்டில் நீராவி ஓடும் குழாயை வெறுமனே விட்டால் அந்த அறையில் ஆள் நிற்க முடியாது. அதனால் அந்தத் தலைமுறைப் போர்க்கப்பல்களில், எந்த நாட்டில் கட்டினாலும், குழாய்க்கும் பாய்லருக்கும் டர்பைன் உறைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் போர்த்தினார்கள். அதைத்தான் லேகிங் என்பார்கள். பிரான்ஸின் கிளெமென்சோ என்ற அதே காலத்து விமானந்தாங்கிக் கப்பலை உடைப்பதற்காகக் குஜராத்தின் அலங்குக்குக் கொண்டுவந்தபோது, அதில் இருந்த ஆஸ்பெஸ்டாஸால் பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2006-இல் பாதி வழியில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

போர்த்திய லேகிங் அசையாமல் இருக்கும் வரை பெரிய தொந்தரவு இல்லை. ரீஃபிட், அதாவது கப்பலை நிறுத்திப் பெரிய பழுது பார்க்கும் சமயத்தில் அதைச் சுத்தியலால் தட்டிப் பெயர்ப்பதும், வால்வில் கசிவை அடைக்கும் பழைய கிளாண்ட் பேக்கிங்கைத் தோண்டி எடுப்பதும், ஒட்டிப்போன கேஸ்கெட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும்தான் ஆபத்தான வேலைகள். காற்றோட்டம் குறைந்த அறை, முகத்தில் மிஞ்சிப்போனால் ஒரு துணி. தட்டியவர் மட்டுமல்ல, பக்கத்தில் முறைவேலை பார்த்தவரும் அதே காற்றைத்தான் இழுத்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது நாராகப் பிரியும் ஒரு கனிமம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நார் நுரையீரலின் அடி வரை போய்விடும். அங்கே தூசியை விழுங்கிச் சுத்தம் செய்யும் செல்கள் இந்த நீள நாரை முழுசாக விழுங்க முடியாமல் திணறும். விழுங்கப் பார்க்கும், முடியாமல் சிதையும், அந்த இடம் வீங்கும், ஆறும்போது தழும்பு விழும். நார் கரையாததால் இது பல ஆண்டுகள் ஓயாமல் நடக்கும். இப்படி நுரையீரல் தழும்பாகிப்போவதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். தெரியவர 20 ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். நுரையீரலின் உறையில் வரும் மீசோதெலியோமா புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 30, 40 ஆண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் கிரானைட் பட்டறை. அங்கே பறப்பது சிலிக்கா தூள். அதுவும் நுரையீரலைத் தழும்பாக்கும், பெயர் சிலிக்கோசிஸ். பர்கூர், ஜெகதேவி பக்கத்து ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிலிக்கோசிஸ் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் தொடங்கும். ஆஸ்பெஸ்டோசிஸ் கீழ்ப்பகுதியில், உறையை ஒட்டிக் கோடு கோடாகத் தொடங்கும். சிலிக்கா படிந்த நுரையீரலில் டி.பி. எளிதாகப் பற்றும் என்பதால், டி.பி.யைச் சந்தேகித்ததில் தவறு சொல்ல மாட்டேன். இரண்டு தூளும் உள்ளே போயிருந்தால் இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கலாம்.

அப்படியானால் எந்த டெஸ்ட்? அதற்கு முன்னால் ஒரு தாள், பேனா. பயிற்சிக் காலத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூச்சிரைப்போடு வந்த பெரியவரிடம் "என்ன வேலை?" என்று கேட்டேன். "வாட்ச்மேன்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு என்று பெயரும் வைத்துவிட்டோம். மூன்றாவது தடவை வந்தபோது பேச்சுவாக்கில், இளவயதில் கப்பல் பட்டறையில் குழாய்க்கு லேகிங் போட்டதைச் சொன்னார். தவறு அவருடையது இல்லை, நான் இப்போதைய வேலையை மட்டும் கேட்டதுதான். ஆஸ்பெஸ்டோசிஸும் காரணம் தெரியாத தழும்பும் ஸ்கேனில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பல சமயம் இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த மனிதர் செய்த வேலையின் வரலாறுதான்.

ஆகவே இந்த வாரமே அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கப்பல், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, பாய்லர் அறையா இன்ஜின் அறையா, ரீஃபிட்டில் எத்தனை மாதம், லேகிங்கைக் கையால் பெயர்த்தாரா, பட்டறையில் தண்ணீர் விட்டு அறுத்தார்களா வறட்டு அறுப்பா, பீடி சிகரெட் உண்டா என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அவர் தோழர்கள் யாராவது இருந்தால் போனில் கேளுங்கள், அவருக்கு மறந்தது அவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தாளை டாக்டர் கையில் கொடுங்கள்.

அப்புறம் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன், அதாவது நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன். சீட்டில் 'ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா இரண்டிலும் வேலை செய்தவர்' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள், குப்புறப் படுக்க வைத்தும் எடுக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுக்கும்போது நுரையீரலின் பின்பக்க அடியில் தெரியும் நிழல் வெறும் அழுத்தமா, நிஜத் தழும்பா என்பது அப்போதுதான் பிரியும். உறையிலும் உதரவிதானத்திலும் சுண்ணாம்பு படிந்த தடிப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது புற்றுநோயாக மாறாது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளே போனதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. கூடவே மூச்சுத்திறன் பரிசோதனை, அதில் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் காற்று எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்று காட்டும் டி.எல்.சி.ஓ. என்ற அளவையும் சேர்த்து. பழைய எக்ஸ்ரே வீட்டில் எங்காவது கிடந்தால் தேடி எடுங்கள்.

ஒரு பக்க நெஞ்சுவலி, ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து எடுக்க எடுக்கத் திரும்ப வருவது, எடை குறைவது, சளியில் ரத்தம், இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். உறை நீரை மட்டும் சோதித்து மீசோதெலியோமா இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பெரும்பாலும் உறையிலிருந்து சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

விழுந்த தழும்பை அழிக்க மருந்து இல்லை. வேகமாகப் பரவினால் அதை மெதுவாக்க மருந்து உண்டு. ஃப்ளூ ஊசி (வருடா வருடம்), நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி, மூச்சுப்பயிற்சி, தேவைப்பட்டால் ஆக்ஸிஜன், இவை அன்றாட வாழ்க்கையை நிஜமாகவே மாற்றும். பீடி சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில் ஏறும்.

செலவு விஷயம். அப்பாவிடம் இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக் வழியாக இந்தப் பரிசோதனைகளுக்குப் பரிந்துரை கேளுங்கள். அட்டை இல்லையென்றால் கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். 1996-க்கு முன் ஓய்வுபெற்றவர்கள் சந்தா கட்ட வேண்டியதில்லை. சேவை விவரம் மும்பை மான்கூர்டில் உள்ள மாலுமிகள் ஆவண அலுவலகத்தில் இருக்கும். எந்தக் கப்பல், எந்தத் தேதி என்பதற்கு அதிகாரப்பூர்வச் சான்று அதுதான். மனு எழுத நல அலுவலகத்தில் உதவுவார்கள்.

ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கலாம், ஆனால் எளிதல்ல. ராணுவச் சேவையில் தொடங்கிப் பின்னால் வெளிப்பட்ட நோய்க்கும் விதியில் இடம் இருக்கிறது. ஆனால் பணியை விட்டு இத்தனை ஆண்டுக்குள் வெளிப்பட வேண்டும் என்ற வரம்பும் இருக்கிறது. 30 வருடம் கழித்து வரும் நோய்க்கு இந்த வரம்பு நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 1995-இல் உத்தரவிட்டிருக்கிறது. மனு நிராகரிக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டம் படைவீரர்களுக்குப் பொருந்தாது. ஆனால் பட்டறையில் பார்த்த வேலைக்குப் பொருந்தலாம். அங்கே ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று பாருங்கள். இணையத்தில் தேடினால் கோடிக்கணக்கில் இழப்பீடு என்று வரிசையாக வரும். அதெல்லாம் அமெரிக்கக் கடற்படையினருக்கு, அமெரிக்கச் சட்டத்தில். அதை நம்பி யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. வேலை உடுப்பைத் துவைத்தே நோய் வந்த மனைவிமார் உலகத்தில் பல இடங்களில் உண்டு. ஆனால் உங்கள் அம்மா துவைத்தது லீவில் வந்தபோது பெட்டியில் இருந்த துணிகளை. கப்பலின் வேலை உடுப்பு பெரும்பாலும் கப்பலிலேயே துவைக்கப்பட்டிருக்கும். துறைமுகக் குவார்ட்டர்ஸில் சேர்ந்து குடியிருந்தார்களா என்று கேளுங்கள். இருந்திருந்தால் அம்மாவுக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், இருமலோ மூச்சிரைப்போ இல்லாதவரை அவரை ஸ்கேனுக்கு அலைக்கழிக்க வேண்டாம்.