ஏழில் மூன்று வாக்கு

அன்புள்ள ஐயா,
டச்சுக் குடியரசு (இன்றைய நெதர்லாந்தின் பழைய மாகாண ஒன்றியம்) பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஹாலந்து மாகாண சபையில் 18 வாக்குகள் நகரங்களுக்கு, பிரபுக்களுக்கு ஒன்றே ஒன்று என்கிறீர்கள். பிறகு எப்படி ஆரஞ்சு வம்சம் அத்தனை செல்வாக்கோடு இருந்தது?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரு வாக்கும் லேசானதல்ல. சபையில் பிரபுக்கள்தான் முதலில் பேசுவார்கள். ஆனால் ஹாலந்தை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது. மாகாணத்துக்கு மாகாணம் கணக்கு வேறு.

ஸேலாந்தைப் பாருங்கள். அங்கே மொத்தமே ஏழு வாக்குகள். ஆறு நகரங்களுக்கு ஆறு, பிரபுக்கள் அனைவரின் சார்பிலும் 'முதல் பிரபு' ஒருவருக்கு ஒன்று. 1581இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியம், ஃபேரே, ஃப்ளிஸிங்கன் ஆகிய இரு நகரங்களின் மீதான பிரபு உரிமையை விலைக்கு வாங்கினார். நகர ஆட்சியாளர்களை நியமிக்கும் அதிகாரமும் அதோடு வந்தது. முதல் பிரபு இடமும் அவர் குடும்பத்துக்கே போனதால் ஏழில் மூன்று கைவசம். இன்னொரு நகரம் இசைந்தால் பெரும்பான்மை! இவ்வளவு மலிவாக ஒரு மாகாணத்தை வளைத்த ஏற்பாடு அந்நாட்டில் வேறில்லை என்றே நினைக்கிறேன். அதே வம்சத்தில் பின்னால் வந்த மூன்றாம் வில்லியம் காலத்தில் முதல் பிரபுவின் இடத்தில் உட்கார்ந்தவர் அவருடைய உறவினர் ஓடைக். ஸேலாந்தில் பதவி வேண்டுவோர் அவர் தயவைத்தான் நாட வேண்டும்.

ஹாலந்து நகரங்கள் பலவற்றில், நகரப் பதவிகளுக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு பெயர்களை நகரமே எழுதி அனுப்பும். பாதிப்பேரை ஸ்டாட்ஹௌடர் (மாகாணத்தின் தலைமைப் பொறுப்பாளர், பெரும்பாலும் ஆரஞ்சு வம்சத்தவர்) பொறுக்குவார். பட்டியல் எழுதுவது உள்ளூர்க் குடும்பங்கள் என்பதால், அங்கே முன்கூட்டியே தன் ஆள் இல்லாவிட்டால் அவருக்குப் பொறுக்க எதுவும் மிஞ்சாது. ஆம்ஸ்டர்டாமின் நான்கு மேயர்களோ இந்த வலைக்கே வெளியே. அவர்களை நகரமே தேர்ந்தெடுத்தது. ஆரஞ்சு வம்சத்தோடு அது துணிந்து மோத முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1672இல் பிரெஞ்சுப் படை பிடித்த உட்ரெக்ட், கெல்டர்லாந்து, ஓவரைஸல் மாகாணங்களை மீண்டும் ஒன்றியத்தில் சேர்த்தபோது, 1674-75இல் புதிய ஆட்சி விதிகள் திணிக்கப்பட்டன. நகரப் பதவிகளில் கடைசிச் சொல் ஸ்டாட்ஹௌடருடையது ஆயிற்று.

இதன் பலவீனம், எல்லா நன்றிக்கடனும் ஒரே ஆளைச் சுற்றியிருந்ததுதான். 1702இல் வில்லியம் பிள்ளையில்லாமல் இறந்தார். ஸேலாந்து முதல் பிரபுவின் வாக்கை நீக்கியது, ஓடைக் பதவியிழந்தார். கெல்டர்லாந்து நகரங்களில் வில்லியம் அமர்த்தியவர்களை விரட்டிவிட்டுப் பழைய கட்சியும் புதிய கட்சியும் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டன. ஹாலந்தும் ஸேலாந்தும் 1747 வரை ஸ்டாட்ஹௌடரே இல்லாமல் நடந்தன.