80 வெள்ளி ஏர்பிரஷ் போதுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வீடு, பட்டணத்தில் டயர் கடையில் வேலை. ஓரளவு படம் வரைவேன். மோட்டார் டேங்க், ஹெல்மெட் இதிலெல்லாம் ஏர்பிரஷ்ஷில் (காற்றால் வர்ணத்தைத் தெளிக்கும் பேனா மாதிரிக் கருவி) படம் போட ஆசை. தைப்பூசத்துக்குக் கூட்டாளிகள் கட்டும் காவடிக்கும் வர்ணம் அடித்துத் தரச் சொல்கிறார்கள். கையில் 600 வெள்ளி இருக்கிறது. ஆன்லைனில் சார்ஜ் போடும் சின்ன ஏர்பிரஷ் 80 வெள்ளிக்கே வருகிறது. அதை வாங்கிப் பழகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அதில் காற்றைச் சேர்த்து வைக்கத் தொட்டி கிடையாது, பலவற்றில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை, சார்ஜ் இறங்க இறங்கக் காற்றும் சோர்ந்துவிடும். கோடு விட்டு விட்டு விழும்போது நம் கைதான் சரியில்லை என்று நொந்துகொள்வீர்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் எந்த பிரஷ் என்றுதான் கேட்கிறார்கள், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் காசு காற்றுக்குத்தான். 3 லிட்டர் தொட்டி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப், தொட்டி நிறைந்தால் தானே நிற்கும் வசதி, இந்த நாலும் உள்ள சின்ன பிஸ்டன் கம்ப்ரசர் உங்கள் காசுக்குள் வந்துவிடும். வாட்டர் டிராப்பை விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், சாயங்கால மழைக்கு அப்புறம் கேட்கவே வேண்டாம். அந்தக் காற்றை அழுத்தும்போது சூடாகும், ஹோஸில் போய் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராக மாறும், நீங்கள் அழகாக ஒரு வேல் போட்டு முடிக்கிற நேரம் பார்த்து 'ப்ச்' என்று ஒரு சொட்டு அதன் மேல் விழும். வேலை முடிந்ததும் தொட்டிக்கு அடியில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

நீங்கள் டயர் கடையில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. முதலாளி சம்மதித்தால் கடை கம்ப்ரசரிலேயே பழகலாம், இந்தக் குட்டி மெஷினைவிட அதில் காற்று தாராளம். ஆனால் அதிலிருந்து எண்ணெயும் வரும், எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். அதனால் நல்ல ஃபில்டரும் தனி ரெகுலேட்டரும் மாட்டி, அழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். கடை ஹோஸின் வாய் பெரிது, ஏர்பிரஷ் ஹோஸ் பெரும்பாலும் அரைக்கால் அங்குலம், நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும்.

சரி, பிரஷ்ஷுக்கு வருவோம். மேலே கப் இருக்கிற கிராவிட்டி ஃபீட், டபுள் ஆக்‌ஷன், இது போதும். ட்ரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வர்ணம். ஆரம்பத்தில் விரல் குழம்பும், ஆனால் அழுத்தினாலே காற்றும் வர்ணமும் சேர்ந்து வரும் சிங்கிள் ஆக்‌ஷனில் பழகிவிட்டு அப்புறம் மாறுவது அதைவிடத் தொல்லை. 0.2 மில்லிமீட்டர் நாசில் (வர்ணம் வெளியேறும் நுனி) வாங்கினால் மெல்லிய கோடு வரும் என்று யாராவது சொல்வார்கள். இந்த வெயிலில் அக்ரிலிக் அதன் நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். 0.3-க்கும் 0.5-க்கும் இடையில் எடுங்கள். பேட்ஜர் பேட்ரியட் 105 என்பது 0.5, இவாட்டா எக்லிப்ஸ் ஹெச்பி-சிஎஸ் 0.35, இரண்டும் வருஷக்கணக்கில் உழைக்கும், பாகமும் கிடைக்கும். இப்போதைக்குக் காசு இடிக்கும் என்றால் சீனா பிரஷ் ஒன்றில் பழகுங்கள், ஆனால் கூடவே ஒரு ஊசியும் நாசிலும் வாங்கி வையுங்கள். ஊசி நுனி முடி அளவு வளைந்தாலும் வர்ணம் ஒரு பக்கமாகச் சாயும். சீனா பிரஷ்ஷின் குட்டி நாசிலைக் கழற்றி மாட்டும்போது முறுக்கிவிட்டீர்களோ, மரை உள்ளேயே ஒடிந்து நிற்கும்.

காவடி விஷயம் முக்கியம். பாலிஸ்டிரின் பலகையில் செதுக்கின மயிலுக்கும் பூவுக்கும் லேக்கர் பெயிண்ட் அடித்தால் தின்னர் பலகையைத் தின்றுவிடும், மயிலின் கழுத்து கண்முன்னே குழிவிழும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் மட்டும் அடியுங்கள்.

டேங்குக்கும் ஹெல்மெட்டுக்கும் படத்தை நீங்கள் போடுங்கள், மேலே அடிக்கும் 2கே கிளியரை (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பளபளப்புப் பூச்சு) ஸ்ப்ரே பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, கோவிட் காலத்து மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டு ஐந்தடிப் பக்கம் அடிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அக்ரிலிக்குக்கு என்95 போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பழைய நாளிதழில் புள்ளி, கோடு, இவ்வளவுதான் முதல் மாதப் பாடம். காற்றை முதலில் திறந்து கடைசியில் மூடுங்கள், வர்ணம் அதற்கு இடையில். டேங்கைத் தொட அவசரப்படாதீர்கள்.

கேள்வி: பீடோரில் வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து விற்கிறேன். மகனிடம் ஹெல்மெட்டுக்கு அடிக்கும் ஏர்பிரஷ் இருக்கிறது. கழுவிவிட்டு அதையே பயன்படுத்தலாமா?

பதில்: கூடாதும்மா. எவ்வளவு கழுவினாலும் உள்ளே பெயிண்டும் தின்னரும் தங்கும். உங்களுக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள், அந்த 80 வெள்ளி சார்ஜ் மெஷினே தாராளம், கேக்குக்கு மெல்லிய காற்று போதும். ஏர்பிரஷ்ஷுக்கென்றே விற்கும் தண்ணியான உணவு வர்ணமாகப் பார்த்து எடுங்கள், ஜெல் அடைத்துக்கொள்ளும். வாங்கினதை மகன் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.