கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

வண்டிச் சந்தேகம்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: அண்ணே, 1998 மாடல் டீசல் வேன் வைத்திருக்கிறேன். பின் சீட்டுகளை எடுத்துவிட்டு ஒரு கட்டிலும் அடுப்பு வைக்க ஒரு பெட்டியும் போட்டிருக்கிறோம், வெளியூர் போனால் குடும்பத்தோடு வண்டியிலேயே தங்கிக்கொள்வோம். இரண்டு மாதமாக முதல் கியரும் இரண்டாவதும் லேசில் விழுவதில்லை, ரிவர்ஸ் பத்து தடவை தள்ளினால் ஒரு தடவை விழுகிறது. மூன்றும் நாலும் பரவாயில்லை. நியூட்ரலில் லீவர் விழப்போகிற பல் மாதிரி ஆடுகிறது. பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும், முப்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்? (மண்டபம் வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், லீவர் ஆடுகிறது என்று. கியர் பாக்ஸுக்கு உள்ளே பல்லோ பேரிங்கோ போனால் இரைச்சல் வரும், ஓடும்போது கியர் கழன்று துள்ளும். லீவர் இப்படி லொடலொடவென்று ஆடுவது பெரும்பாலும் வெளியே இருக்கிற கோளாறு.

முன்னால் மூக்கு இல்லாத வேன்களில் டிரைவர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்துவிடுகிறார், கியர் பாக்ஸ் அவருக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. லீவரை நேராகக் கியர் பெட்டியின் தலையில் குத்த முடியாது. அதனால் நடுவில் கம்பி, நாம் கியர் ராடு என்கிறோமே அது, சில வண்டியில் ஒன்று, சில வண்டியில் இரண்டு, சிலவற்றில் கேபிள். வோக்ஸ்வேகன் காம்பி வேனில் இன்ஜினும் கியர் பாக்ஸும் கடைசியில் இருப்பதால் அந்தக் கம்பி கிட்டத்தட்ட வண்டி நீளத்துக்கே ஓடும். கம்பி எங்கெங்கே திரும்புகிறதோ அங்கெல்லாம் ஒரு மூட்டு, மூட்டுக்குள் நைலானிலோ ரப்பரிலோ வளையம் மாதிரி ஒரு புஷ். ஒவ்வொரு புஷ்ஷிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், நாலைந்து மூட்டு சேர்ந்து மேலே லீவரில் நாலு விரல் ஆட்டமாக வந்து நிற்கும். உங்களுக்கு ஓரத்துக் கியர்கள் மட்டும் தகராறு செய்வதும் அதனால்தான். நடு வரிசைக்கு லீவரைப் பக்கவாட்டில் அதிகம் சாய்க்க வேண்டியதில்லை, ஓரத்து வரிசைக்கு முழுச் சாய்வும் வேண்டும், அந்தச் சாய்வைத் தேய்ந்த புஷ் தின்றுவிடுகிறது.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம், ஒரு ஆள் துணை போதும். சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள், நம் ஊர் மணலில் ஜாக்கி அப்படியே புதையும். முதலில் இன்ஜின் ஓடாமல் எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பல் நேருக்கு நேர் முட்டி ஒன்றிரண்டு விழாமல் நிற்கலாம், கல்லை எடுத்து வண்டியைக் கொஞ்சம் அசைத்தால் விழும். இன்ஜின் ஓடாதபோது எல்லாம் சுளுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரவென்று அடித்தால் கம்பியை விட்டுவிட்டு கிளட்ச் பக்கம் போங்கள், கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம்.

ஓடாதபோதும் தகராறு என்றால் கல்லை மறுபடி வைத்துவிட்டு நீங்கள் அடியில் படுங்கள், மேலே ஒருவர் லீவரை மெதுவாக ஆட்டட்டும். லீவர் நகர்ந்த அதே கணம் கியர் பாக்ஸ் பக்கத்துக் கம்பி முனையும் நகர வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் சும்மா நிற்கிறதோ அதுதான் ஆள். அதன் மேல் விரலை வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று, இதைச் செய்யாமல் யாரையும் கியர் பாக்ஸில் கை வைக்க விடாதீர்கள். கியர் பாக்ஸ் முனையில் ஸ்பிளிட் பின்னை எடுத்து கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியில் இருக்கிற கையை, அதாவது அந்தக் கம்பி மாட்டியிருந்த சின்ன லீவரை, தனியாக ஸ்பேனரால் தள்ளிப் பாருங்கள். டக், டக் என்று ஒவ்வொரு கியரும் அழுத்தமாக விழுந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. எனக்கு வருகிற பழைய வேன்களில் இந்தச் சோதனையோடு முப்பதாயிரம் மிச்சமாகிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

புஷ் கிடைக்கவில்லை என்றால் ராமநாதபுரத்தில் லேத் பட்டறையில் நைலான் தண்டில் கடைந்து கொடுப்பார்கள். பழையதை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அது தேய்ந்த அளவு. உள்ளே போகிற பின்னையும் சேர்த்துக் கொடுங்கள். பின் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாக இருந்தால் அதையும் புதுசாகப் போடணும், இல்லையென்றால் புது புஷ் ஒரு மழைக்குத் தாங்காது. அப்புறம்தான் அட்ஜஸ்ட்மென்ட். கம்பியை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பைத் தளர்த்தும் முன்பு இருக்கிற இடத்தைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பெட்டியும் லீவரும் இரண்டுமே நியூட்ரலில் இருக்கும்போது இறுக்குங்கள். இறுக்கிய பிறகு முன்னால் தள்ளுகிற கியர்கள் மட்டும் அரைகுறையாக விழுந்து பின்னால் இழுக்கிறவை நன்றாக விழுந்தால் கம்பியின் நீளம் சரியில்லை. ஓரத்துக் கியர்கள் மட்டும் என்றால் பக்கவாட்டுச் சாய்வு சரியில்லை.

கேள்வி: தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு ஆள் ஏற்றிப் போகிறேன். காலையில் முதல் ட்ரிப்புக்கு கியர் லீவர் இறுகிப் போய் நகரவே மறுக்கிறது, பத்து நிமிஷம் ஓட்டிய பிறகு இளகுகிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அடியில் டீசல் அடித்துத்தான் வாங்குகிறேன். (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: டீசல் அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இரும்புக்கு அது கொஞ்ச நாள் காவல், ஆனால் மூட்டை மூடுகிற ரப்பர் உறையையும் (அதுதான் பூட்) ரப்பர் புஷ்ஷையும் ஊறவைத்து உப்பிப் போகச் செய்துவிடும். பூட் கிழிந்தால் மூட்டுக்குள் உப்பு நேராகப் போகிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், 2017-ல் தார் ரோடு வந்தபின் சக்கரம் மணலில் புதைவதில்லை என்பது உண்மை, ஆனால் இரண்டு பக்கமும் கடல், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் ரோட்டைக் கடந்து பறக்கிறது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள் என்றால் இந்தக் காற்று எப்படிப்பட்டது என்று பாருங்கள். உங்கள் கியர் ராடுக்கு என்ன இருக்கிறது, பழைய கிரீஸ்தானே.

அந்தக் கிரீஸையும் பாருங்கள். விரலில் தொட்டு இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கும். மணலும் கிரீஸும் சேர்ந்தால் அது வால்வு தேய்க்கிற பேஸ்ட், மூட்டை ராவித் தள்ளும். எல்லாவற்றையும் துணியால் வழித்தெடுத்து, மூட்டைக் கழற்றித் துருவை உப்புத்தாள் போட்டு நீக்கி, இரும்புக்கும் நைலானுக்கும் லித்தியம் கிரீஸ், ரப்பர் இருக்கிற இடத்தில் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். உள்ளே நிறைய, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். தினமும் கடைசி ட்ரிப் முடிந்து நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள், உப்புத் தண்ணீர் வருகிற போர் குழாயில் கழுவினால் புண்ணியம் இல்லை. இத்தனை செய்தும் காலையில் மட்டும் இறுகினால் கியர் ஆயிலைப் பாருங்கள், கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை யாராவது ஊற்றியிருப்பார்கள்.

கேள்வி: எங்க காக்கா (அண்ணன்) ஓட்டிய வேன், இப்போது நான் ஓட்டுகிறேன். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறி இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கையால் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன். (கீழக்கரை வாசகி)

பதில்: கையால் பிடிக்காதீர்கள் தங்கச்சி, உள்ளே கியரைத் தள்ளுகிற ஃபோர்க் தேய்ந்து செலவு பெரிதாகும். சரி பார்க்கும் வரை மேட்டிலிருந்து இரண்டாவது கியரில் மெதுவாக இறங்குங்கள்.

தங்குவதற்கு வசதியாக மாற்றிய வண்டியா? அப்படியென்றால் லீவருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். போன வருஷம் ஒரு வேன் இதே குறையோடு வந்தது, மூன்று பட்டறை பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தது. லீவருக்கு முன்னால் சாமான் வைக்க ஒரு பிளைவுட் பெட்டி அடித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிறை மாதிரி ஒரு தேய்மானம், மைக்கா போய் உள்ளே மரம் பளபளத்தது. மூன்றாவது கியருக்குத் தள்ளும்போதெல்லாம் லீவர் அங்கே இடித்து நின்றிருக்கிறது, கியர் முக்கால்வாசிதான் விழுந்திருக்கிறது. ரம்பத்தால் இரண்டு அங்குலம் அறுத்தேன், அவ்வளவுதான் வேலை. மூன்றில் போட்டபின் லீவரைச் சுற்றி ஒரு விரல் நுழைய வேண்டும், தடித்த கார்ப்பெட்டும் காய்ந்து விறைத்த ரப்பர் பூட்டும்கூட லீவரைத் திருப்பித் தள்ளும்.

இடைவெளி இருக்கிறதா, அடுத்து ஓடும்போது ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போது லீவரைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் நன்றாக நகர்ந்தால் இன்ஜின் அல்லது கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் போயிருக்கிறது. கியர் பெட்டியே அசைகிறது, கம்பி கியரை இழுத்துக் கழற்றுகிறது. மவுண்டிங்கும் கம்பியும் நன்றாக இருந்து, அப்போதும் கழன்றால் அது உள்வேலைதான். ஸ்பிரிங், இரும்புக் குண்டு, கியரின் கடிக்கும் பல் இவற்றில் ஒன்று. அப்போது தயங்காமல் இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வழியில் புஷ் கழன்று விழுந்துவிட்டால் வீடு வந்து சேர என்ன செய்வது? (உச்சிப்புளி வாசகர்)

பதில்: நாலு ஸ்பிளிட் பின், கொஞ்சம் கட்டுக்கம்பி, பழைய சைக்கிள் டியூப் ஒரு சாண் வண்டியில் எப்போதும் கிடக்கட்டும். டியூப்பைப் பின்னில் இறுக்கமாகச் சுற்றி மூட்டுக்குள் செருகி, மேலே கட்டுக்கம்பியால் கட்டுங்கள். கட்டுக்கம்பி இல்லையென்றால் பக்கத்தில் வலை பின்னுகிறவர்களிடம் நைலான் கயிறு கேளுங்கள், தராமல் இருக்க மாட்டார்கள். அதுவும் நிற்கவில்லையா, இன்ஜினை அணைத்து, கல் வைத்து, கியர் பாக்ஸில் இருக்கிற கையை அடியிலிருந்தே தள்ளி இரண்டாவது கியரில் போட்டுவிடுங்கள். கல்லை எடுத்த பிறகு கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, இரண்டாவதிலேயே வீடு வரை வாருங்கள். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் கிளட்ச்சை மிதித்தே நிற்கணும், ரிவர்ஸ் இருக்காது, அதனால் திரும்ப இடமில்லாத சந்துக்குள் போகாதீர்கள்.