வளவாளருக்குப் பணம் கொடுத்தது யார்? – கேள்வி பதில்

நோயாளர் பாதுகாப்புச் செயலமர்வுகளில் பாடம் எடுக்கும் வளவாளர்கள், மருந்து, உபகரணக் கொம்பனிகளோடு தங்களுக்குள்ள தொடர்பைச் சொல்ல வேண்டுமா? மலையகத்துச் சுகாதார ஊழியர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

தாதிய உத்தியோகத்தர், டிக்கோயா: சேர், கிருமித்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செயலமர்வில் 'எனக்கு நலன் முரண்பாடு இல்லை', அதாவது கொம்பனிகளோடு பணத் தொடர்பு இல்லை என்று வளவாளர் முதல் ஸ்லைடில் காட்டினார். ஆனால் பேனா, ஃபைல், கை தேய்க்கும் திரவப் போத்தல் எல்லாவற்றிலும் ஒரே கொம்பனியின் பெயர். இது சரியா?

பேனாவும் ஃபைலும் ஏற்பாட்டாளருக்குக் கிடைத்த அனுசரணை. அதை அறிவிக்க வேண்டியவரும் அவரே. வளவாளர் ஒரு சதமும் வாங்காமல் இருந்திருக்கலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் சொன்ன பாடத்தை. 'அற்ககோல் கலந்த திரவம்' என்றாரா, போத்தலைத் தூக்கிக் காட்டி 'இதைப் பாவியுங்கள்' என்றாரா? உலக சுகாதார நிறுவனம் செய்முறையையே வெளியிட்டிருக்கிறது: 80 சதவீத எதனோல் அல்லது 75 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோல், கூடவே கொஞ்சம் கிளிசரோல், ஐதரசன் பேரொட்சைட்டு. இதைச் சொல்லாமல் ஒரு பிராண்டை மட்டும் சொன்னால் அது விளம்பரம்தான், பேனா கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

பயிற்றுநர், பதுளை: போன வருசம் ஒரு கொம்பனியின் கூட்டத்தில் பேசினேன். சின்னத் தொகைதான். அதையும் சொல்லணுமா?

சொல்லுங்கள். தொடர் மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க அமைப்பான ஏசிசிஎம்இயின் விதி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடந்த 24 மாதத் தொடர்பையெல்லாம் கேட்கிறது. இவ்வளவுக்குக் குறைந்தால் சொல்ல வேண்டாம் என்ற எல்லையே அதில் இல்லை. பாடத்தோடு சம்பந்தப்பட்ட கொம்பனியின் பெயரும் என்ன வகைத் தொடர்பு என்பதும், பாடம் தொடங்கும் முன்பே கேட்போருக்குத் தெரிய வேண்டும். தொகை வேண்டாம், கொம்பனியின் சின்னமும் கூடாது. கொம்பனி ஊழியருக்கோ சில விதிவிலக்குகள் தவிர மேடையே கிடையாது. அமெரிக்க விதி பதுளையில் நம்மைக் கட்டாது, சரி. அளந்து பார்க்க ஒரு கோல் வேண்டாமா?

தோட்ட வைத்திய உதவியாளர், தலவாக்கலை: சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா ஐயா?

இல்லை. கெய்ன், லோவென்ஸ்டைன், மூர் என்ற மூவர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு ஜாடி நிறைய நாணயம். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதன் மதிப்பை ஊகிக்க வேண்டும், கிட்டப் பார்த்தவர் ஆலோசனை சொல்வார். ஊகம் கூடினால் ஆலோசகருக்குக் காசு. அந்த விசயத்தைக் கேட்பவருக்குச் சொல்லிவிட்டபோது ஆலோசகர்கள் இன்னும் கூட்டிச் சொன்னார்கள்! 'அதுதான் சொல்லியாச்சே' என்ற தைரியம் போலும். கேட்டவர்களோ தேவையான அளவுக்குக் கழித்துப் பார்க்கவில்லை.

சொல்லாமல் விட்டாலும் ஆபத்துத்தான். கெயார்ஃபியூசன் கொம்பனி 2014இல் அமெரிக்க அரசோடு 40.1 மில்லியன் டொலருக்கு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. நோயாளர் பாதுகாப்பு நடைமுறைகளைப் பரிந்துரைக்கும் குழுவின் இணைத் தலைவருக்கு அது 11.6 மில்லியன் கொடுத்தது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கொம்பனி விற்றது தோலைச் சுத்தப்படுத்தும் மருந்து; அதைப் பரிந்துரைக்க வைக்கவே அந்தப் பணம் என்றது அரசு. பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பு எதுவும் வரவில்லை, பணம் மட்டும் கைமாறியது.

ஆகவே வெளிப்படுத்தினால் மட்டும் போதாது. கொம்பனியோடு சம்பந்தப்பட்ட பகுதியை வேறொருவர் எடுக்கலாம், அல்லது தொடர்பில்லாத ஒருவர் ஸ்லைடுகளை முன்கூட்டியே வாசித்துப் பார்க்கலாம்.

மருந்தாளர், பண்டாரவளை: பகல் சாப்பாடு கொம்பனி கொடுத்தால்?

சாப்பிடுங்கள். கொடுத்தது யார் என்று அழைப்பிதழில் போடச் சொல்லுங்கள்.

மருத்துவிச்சி, மஸ்கெலியா: இதையெல்லாம் நேரே கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பாங்களே?

பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதே இல்லை. பல வருசத்துக்கு முன் நுவரெலியாவில் மருந்தேற்றும் பிழைகள் பற்றி வகுப்பெடுத்தேன். ஒரு கொம்பனி தந்த இன்பியூசன் பம்ப், அதாவது மருந்தை அளவாக ஏற்றும் மெசின், மேசையில் இருந்தது. இரவல்தானே என்று அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு மிஸ் எழுந்தார்: "சேர், எங்கட வார்டில் இந்த மெசின் இல்லை. துளி எண்ணித்தான் ஏத்துறோம். எங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்னிடமிருந்த 40 ஸ்லைடில் துளி எண்ணுவது பற்றி ஒன்றுகூட இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். '20 துளி = 1 மில்லிலீட்டர்' என்று பலகையில் எழுதி, முதலிலிருந்து தொடங்கினேன்.