தயிர் டப்பாவில் நாற்று விடலாமா?

கேள்வி: வீட்டில் சேரும் தயிர் டப்பா, முட்டை அட்டை, கொட்டாங்குச்சி எல்லாவற்றிலும் தக்காளி, மிளகாய் விதை போட்டேன். தக்காளி ஒரு வாரத்தில் நன்றாக முளைத்து, நூல் மாதிரி நீண்டு, அடியில் மடங்கி ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டது. மிளகாய் பத்து நாளாகியும் முளைக்கவில்லை. காசு கொடுத்துக் குழித்தட்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம், உங்களிடம் இருப்பதே போதும். முதலில் சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கி, தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் பழுப்பாகி, விரலால் அழுத்தினால் வெந்த கீரைத்தண்டு போலக் குழைந்தால் அது நாற்றழுகல் நோய். எப்போதும் ஈரமாகவே கிடக்கும் மண்ணில் பூஞ்சை வந்து தண்டைத் தின்றுவிடும். டப்பாவில் ஓட்டை போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் சந்தேகம். நானும் முதல் வருடம் டப்பாவுக்கு நடுவில் ஒரே ஓட்டை போட்டு வைத்தேன், அதை மண் அடைத்துக்கொண்டது, ஒரு கத்தரி நாற்றுகூடத் தேறவில்லை. ஆணியைச் சூடுகாட்டி அடியில் நான்கைந்து ஓட்டை போடுங்கள், பக்கவாட்டில் அடியை ஒட்டி இரண்டு போட்டால் இன்னும் நல்லது.

கொட்டாங்குச்சியில் கண் உள்ள பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெல்லிசாக இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினாலே திறந்துவிடும். முட்டை அட்டை நம் வெயிலுக்கு அவ்வளவு சரிப்படாது. அட்டை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மதியத்துக்குள் காய்ந்துவிடும், முளைக்கிற நேரத்தில் ஒரு முறை காய்ந்தாலே விதை போச்சு.

தோட்டத்து மண்ணை அப்படியே போடாதீர்கள். தென்னை நார்க்கழிவை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இரண்டு முறை வடித்துவிட்டு (அதில் உப்பு இருக்கும்), இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தால் போதும். விதையை, ஆறிய வடிகஞ்சியில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா உள்ள பொடி) கலந்து புரட்டி, நிழலில் உலர்த்திப் போட்டால் அழுகல் நன்றாகவே குறையும். தண்ணீரை மேலே ஊற்றாமல், ஒரு தட்டில் அரை அங்குலம் ஊற்றி டப்பாவைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். மேல் மண் ஈரமாகத் தெரிந்தால் சரி.

நூல் மாதிரி நீள்வதற்குக் காரணம் வேறு, வெளிச்சம் போதவில்லை. முளை எட்டிப் பார்த்த அன்றைக்கே ஜன்னல் ஓரத்திலிருந்து மாடிக்குக் கொண்டுபோய்க் காலை வெயில் படும்படி வைத்துவிடுங்கள்.

மிளகாயைக் கிளறிப் பார்க்காதீர்கள், அது பத்துப் பன்னிரண்டு நாள் எடுக்கும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். தக்காளியை 25 நாளில் எடுத்து நடலாம், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள்வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: பாகல், புடலையையும் இப்படி நாற்று விடலாமா? வெண்டை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வெண்டை, முள்ளங்கி, கீரையெல்லாம் நேரடியாகத் தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள், நாற்று விட்டால் வீண் வேலை. பாகல், புடலை, பீர்க்கு மூன்றுக்கும் வேரை அசைத்தால் ஆகாது, ஆனால் அரை லிட்டர் பால் கவர் இருந்தால் தாராளமாக விடலாம். பால் வாடை போகக் கழுவி, அடி மூலைகள் இரண்டையும் கத்தரித்து, முக்கால் அளவு நிரப்பி, இரவு முழுக்க ஊறிய விதையை ஒரு கவருக்கு ஒன்று என ஊன்றுங்கள். நாலு இலை விட்டதும் கவரை பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் அப்படியே குழியில் இறக்கிவிடலாம். மாலையில் நடுங்கள்.